அரை மணி நேரம் தள்ளி ஓர் அரசு

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏ9 நெடுஞ்சாலை திறந்தது. வவுனியாவிலிருந்து வடக்கே போனவர்கள் ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் திருப்பிவைக்க வேண்டியிருந்தது. 1996இல் மின் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இலங்கை அரசு நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தது. விடுதலைப் புலிகள் அதை ஏற்கவில்லை. தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டார்கள். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பும்வரை அந்தச் சின்னத் தீவில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தோடு விஷயம் முடியவில்லை. அன்றைய கிளிநொச்சியில் ஒரு பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வரும். அவர் மாணவர்கள் எழுதுகிற சாதாரண தரம், உயர்தரம் இரண்டும் கொழும்பின் பரீட்சைத் திணைக்களம் நடத்துவது. சட்டைப்பையில் இருப்பது இலங்கை ரூபாய். ஆனால் சைக்கிள் களவுபோனால் அவர் போக வேண்டியது தமிழீழக் காவல்துறையிடம். காணித் தகராறு என்றால் தமிழீழ நீதிமன்றம். தெற்கிலிருந்து சாமான் ஏற்றி வந்தால் ஓமந்தையில் புலிகளுக்கு வரி. வன்னியை விட்டு வெளியே போக வேண்டுமா, அதற்கு ஒரு பாஸ்; அந்தப் பாஸுக்கு ஒரு பிணை.

இப்போது ஒப்பீட்டு அரசியல் பாடநூல் ஒன்றை அவர் மேசையில் திறந்து வைத்து ஒரே கேள்வி கேட்கலாம்: இங்கே அரசு எது?

தமிழில் இந்தக் கேள்வி கொஞ்சம் வழுக்கும். ‘ஸ்டேட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு நாம் அரசு, அரசாங்கம், நாடு, மாநிலம் என்று இடத்துக்கு இடம் மாற்றிப் போடுகிறோம். தேர்தலில் தோற்றால் வீட்டுக்குப் போவது அரசாங்கம். போகாமல் உட்கார்ந்திருப்பது அரசு: தாலுகா அலுவலகம், காவல் நிலையம், பத்திரப் பதிவு, நீதிமன்றம், ராணுவம். பேச்சில் நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதில் பெரிய தப்பில்லை. இந்தத் துறையின் பேராசிரியர்களே ஒரு காலத்தில் இந்தச் சொல்லே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், எல்லாப் பாடநூல்களும் முதல் அத்தியாயத்தில் வைத்துக் கும்பிடும் ஒரு வரையறையைப் பார்த்துவிட வேண்டும்.

மாக்ஸ் வேபர் அதைச் சொன்னது 1919 ஜனவரி 28 அன்று, மியூனிக் நகரில், மாணவர்களிடம் ஆற்றிய ஓர் உரையில். ‘அரசியல் ஒரு தொழிலாக’ என்று பின்னால் அச்சில் வந்த உரை. குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்புக்குள் நியாயமான வன்முறைக்கான ஏகபோக உரிமையை வெற்றிகரமாகக் கோருகிற மனிதக் குழுமம்தான் அரசு. அதன் சாரம் இதுதான். வகுப்பறையில் இது ‘வன்முறையின் ஏகபோகம்’ என்று இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும். பரீட்சைக்கு அது போதும்.

ஆனால் அந்தத் தேதியைப் பாருங்கள். 1918 நவம்பரில் பவேரியாவின் அரசர் மூன்றாம் லுட்விக் மியூனிக்கைவிட்டு ஓடியிருந்தார். குர்ட் ஐஸ்னர் என்ற பத்திரிகையாளர் குடியரசை அறிவித்து ஆட்சியில் உட்கார்ந்திருந்தார். வேபர் பேசுவதற்குப் பதின்மூன்று நாள் முன்புதான் பெர்லினில் ரோசா லுக்சம்பர்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஃப்ரைகோர் என்ற தன்னார்வப் படையினர். அதாவது, அரசின் படையா தனியார் படையா என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாத ஆட்கள். உரை நடந்து ஒரு மாதம் முடிவதற்குள் ஐஸ்னரைத் தெருவிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரலில் அதே மியூனிக்கில் சோவியத் குடியரசு அறிவிக்கப்பட்டது. மே முதல் வாரத்துக்குள் அது ரத்தத்தில் முடிந்தது.

வன்முறைக்கான ஏகபோகம் யார் கையிலும் இல்லாத ஒரு ஊரில், இல்லாத ஒரு மாதத்தில் நின்றுகொண்டு வேபர் இதைச் சொல்கிறார். அதனால்தான் அவர் அரசு ஏகபோகத்தை ‘வைத்திருக்கிறது’ என்று சொல்லவில்லை. ‘கோருகிறது’ என்கிறார். நீதிமன்றத்தில் ஒரு காணிக்கு உரிமை கோருவதுபோல. கோருபவர் ஒருவர் என்றால், எதிரில் இன்னொருவர் இருக்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் கோர வேண்டிய தேவையே இல்லையே. ‘வெற்றிகரமாக’ என்ற சொல்லும் அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். வெற்றியை அளக்கலாம், மதிப்பெண் போடலாம், பட்டியல் தயாரிக்கலாம். கோருதலை அப்படி அளக்க முடியாது. இரண்டு பக்கமும் போய்க் கேட்டாக வேண்டும்.

வரையறையில் தொலைந்துபோன இன்னொன்று, மனிதக் குழுமம். வேபரின் வாக்கியத்தில் அரசு என்பது ஒரு இயந்திரமோ அமைப்போ இல்லை. மனிதர்களின் ஒரு கூட்டம். பாடநூல்களில் இந்தப் பகுதி சத்தமில்லாமல் ‘நிறுவனம்’ ஆகிவிடுகிறது. யார் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்ற கேள்வியும் அதோடு கிளம்பிப் போய்விடுகிறது. வன்னி ஆசிரியரைப் பார்க்கும்போது இந்த இரண்டும் நமக்குத் தேவைப்படும்.

முதலில் சொன்ன கதைக்கு வருகிறேன். 1953இல் டேவிட் ஈஸ்டன் என்ற அமெரிக்க அறிஞர், அரசு என்ற கருத்தாக்கமே குழப்பம் என்று எழுதினார். ஒருவர் அதற்கு 145 வரையறைகள் திரட்டியிருப்பதாகச் சுட்டிக்காட்டி, அதற்குப் பதில் ‘அரசியல் முறைமை’ என்று பேசுவோம் என்றார். கேப்ரியல் ஆல்மண்டும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டு, ஆசிய ஆப்பிரிக்க நாடுகளை எல்லாம் உள்ளீடு, வெளியீடு என்று ஏதோ மாவு மில் கணக்காக விவரித்தார்கள். 1968இல் ஜே. பி. நெட்டில் ஒரு கட்டுரை எழுதினார்: அரசு என்பது இருக்கிறது இல்லை என்கிற விஷயம் இல்லை, அது நாட்டுக்கு நாடு கூடிக் குறையும் ஒன்று. பிரான்சில் அது தடித்து நிற்கிறது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மெலிந்து. அரசே வேண்டாம் என்று அமெரிக்க அறிஞர்கள் சொன்னதற்கு அவர்கள் வாழ்ந்த நாட்டின் அனுபவமே காரணம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். நெட்டில் அதற்குச் சற்று முன்புதான் ரோசா லுக்சம்பர்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருந்தார். லுக்சம்பர்கின் சாவை எழுதியவருக்கு அரசு இல்லாத அரசியல் விஞ்ஞானம் நம்பும்படியாக இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அதே ஆண்டு ஒரு விமான விபத்தில் இறந்துபோனார்.

1985இல் தேடா ஸ்கோச்போல் முதலானோர் ‘அரசை மீண்டும் உள்ளே கொண்டுவருதல்’ என்று ஒரு தொகுப்பே போட்டார்கள். அந்தத் தொகுப்பில் இன்றும் சூடு ஆறாத கட்டுரை சார்ல்ஸ் டில்லியுடையது. போர் நடத்துவதும் அரசு கட்டுவதும் ஒருவகையில் ஒழுங்கமைந்த குற்றம்தான் என்பது அவர் வாதம். தானே ஆபத்தை உண்டாக்கிவிட்டு, அந்த ஆபத்திலிருந்து காப்பாற்றக் காசு வாங்குகிறவனை நாம் என்ன சொல்வோம்? மாமூல் வசூலிக்கிறவன் என்போம். ஐரோப்பிய மன்னர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்கிறார் டில்லி. எதிரியோடு சண்டை போடக் காசு வேண்டும், காசுக்கு வரி, வரிக்குக் கணக்குப்பிள்ளை, கணக்குப்பிள்ளையைக் காப்பாற்றப் படை. வரி கட்டுகிறவன் ஒரு கட்டத்தில் பதிலுக்கு ஏதாவது கொடு என்று கேட்பான். அந்தப் பேரத்தில்தான் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் வந்தன.

இந்தக் கட்டுரையின் முற்பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முடிவை வாசித்தவர்கள் குறைவோ என்று எனக்குச் சந்தேகம். இருபதாம் நூற்றாண்டில் சுதந்திரம் பெற்ற நாடுகளுக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது என்று டில்லியே அங்கே எச்சரிக்கிறார். அந்த நாடுகளின் ராணுவத்துக்குத் துப்பாக்கி வெளியிலிருந்து வருகிறது, பணம் வெளியிலிருந்து வருகிறது. மக்களோடு பேரம் பேச வேண்டிய அவசியமே ஆட்சியாளருக்கு இல்லை. மாமூல் வாங்கும் ஆளுக்குத் தெருக் கடைக்காரர்கள் தேவையில்லாமல், வேறு ஊரிலிருந்து மாதாமாதம் பணம் வந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

இதற்கு ஒரு நல்ல சோதனைக்களம் சோமாலியா. 1988இல் சியாத் பர்ரேயின் விமானங்கள் தன் சொந்த நாட்டின் ஹர்கெய்சா நகரைக் குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கின. அந்த விமானங்கள் கிளம்பியதே ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்துதான். 1991 ஜனவரியில் பர்ரே மொகதிஷுவிலிருந்து ஓடினார். அதன்பின் பல ஆண்டுகள் அந்த நாட்டுக்கு மத்திய அரசாங்கம் என்று ஒன்று இல்லை. மத்திய வங்கியும் இல்லை. ஆனாலும் சோமாலி ஷில்லிங் நோட்டு சந்தையில் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது! அச்சடித்த அரசு செத்துப்போச்சு, நோட்டு உயிரோடு. வியாபாரிகளும் ஆயுதக் குழுக்களும் போலி நோட்டு அடித்து இறக்கினார்கள், மக்கள் அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

அதே 1991 மே 18 அன்று வடமேற்கில் சோமாலிலாந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. 1993இல் போரமா என்ற ஊரில் குலமூத்தோர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். முகமது இப்ராகிம் இகாலைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மூத்தோர் சபையை அப்படியே நாடாளுமன்றத்தின் மேலவையாக ஆக்கினார்கள். அங்கீகாரம் இல்லாததால் வெளிநாட்டுக் கடன் கிடைக்கவில்லை. அதனால் இகால் உள்ளூர் வியாபாரிகளிடம் கடன் கேட்டார். பெர்பெரா துறைமுகம் வழியே ஆடுமாடு ஏற்றுமதி செய்கிற வியாபாரிகள். அவர்கள் சும்மா கொடுப்பார்களா? டில்லி சொன்ன அந்தப் பழைய பேரம், மன்னரும் இல்லாமல் ஐரோப்பாவும் இல்லாமல் அங்கே நடந்தது. 2003 அதிபர் தேர்தலில் ஆளும் தரப்பு ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட வாக்கு வித்தியாசம் வெறும் 80. தோற்றவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். சொந்தப் பணம், சொந்தக் கடவுச்சீட்டு, சொந்தக் காவல்துறை எல்லாம் இருந்தும் 2025 டிசம்பர் வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை நாடு என்று ஏற்காமல் இருந்தது.

ராபர்ட் ஜாக்சனும் கார்ல் ராஸ்பெர்கும் 1982லேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். நடைமுறையில் அரசாக இருப்பது வேறு, சட்டத்தின் கண்ணில் அரசாக இருப்பது வேறு. ஆப்பிரிக்காவின் பலவீனமான அரசுகள் ஏன் கலையாமல் நிற்கின்றன என்றால், உள்ளே ஆள முடியாவிட்டாலும் வெளியிலிருந்து உலகம் அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. அவர்கள் எழுதிப் பத்து வருஷம் ஆவதற்குள் சோமாலியாவும் சோமாலிலாந்தும் அந்த வாதத்துக்கு வரைபடம் போட்டதுபோல ஆகிவிட்டன: ஒன்றுக்கு நாற்காலி இருந்தது, ஆட்சி இல்லை, மற்றதற்கு ஆட்சி இருந்தது, நாற்காலி இல்லை.

நல்ல பிரிப்பு. ஆனால் இதையும் மதிப்பெண்ணாக்கிவிட்டார்கள். 2005இலிருந்து ‘தோற்ற அரசுகளின் பட்டியல்’ என்று ஒன்று வருஷா வருஷம் வந்தது. 2014இல் பெயரைக் கொஞ்சம் மென்மையாக்கி ‘நொய்ந்த அரசுகள்’ என்றார்கள். 2008 முதல் 2013 வரை அதில் சோமாலியா முதலிடம். சோமாலிலாந்துக்குத் தனி வரிசை கிடையாது; அந்த மதிப்பெண்ணுக்குள்ளேயே அதுவும் அடக்கம். தோற்றது என்றால் எந்தப் பரீட்சையில்? வினாத்தாள் எங்கே தயாரானது?

சோமாலிலாந்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாராக இல்லை. அங்கேயும் 1990களின் நடுவில் உள்நாட்டுச் சண்டை நடந்தது. 2023இல் கிழக்கே லாஸ் அனோத் நகரத்து மக்கள், உங்கள் நாடு எங்களுக்கு வேண்டாம், நாங்கள் சோமாலியாவோடுதான் என்று எழுந்தார்கள். நகரத்தின்மீது ஹர்கெய்சாவின் படைகள் மாதக்கணக்கில் குண்டு வீசின. ஆகஸ்டில் பின்வாங்க நேர்ந்தது. ஒரு காலத்தில் குண்டு வாங்கிய நகரத்தின் அரசு, இன்னொரு நகரத்தின் மேல். கோருகிறவருக்கு எதிரில் எப்போதும் இன்னொருவர் உண்டு என்று சொன்னேனே.

இனி வன்னிக்குத் திரும்பலாம். ஒப்பீட்டு அரசியலில் வன்னியை மெனக்கெட்டு வாசித்த புத்தகம் ஸகரியா மாம்பில்லியின் ‘ரெபெல் ரூலர்ஸ்’, 2011இல் வந்தது. விடுதலைப் புலிகளையும், தென் சூடானின் எஸ்.பி.எல்.ஏ.வையும், கிழக்குக் காங்கோவின் ஆர்.சி.டி. கோமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிளர்ச்சியாளர்கள் எப்படி ஆள்கிறார்கள் என்று கேட்கிற நூல். பயங்கரவாதிகள் என்று ஒதுக்காமல், போராளிகள் என்று உருகாமல், பள்ளிக்கூடம் யார் நடத்தினார், மருந்து யார் கொடுத்தார், வழக்கு யார் தீர்த்தார் என்று பார்க்கிறார். புலிகளின் ஆட்சி இருக்கிற அரசின் இயந்திரத்தை உடைக்காமல் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறார். மூன்றில் செயல்திறன் கூடிய ஆட்சி என்று அவர் வைப்பது புலிகளுடையதை.

எனக்கு அங்கேதான் இடறுகிறது. கொழும்பு எதற்காக எதிரியின் பகுதியில் இருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் போட்டது? இரக்கமா? சம்பளத்தை நிறுத்துவது, அந்த மண்ணும் மக்களும் என்னுடையவர்கள் இல்லை என்று ஒத்துக்கொள்வதாகிவிடும். தன் கோரிக்கையை உயிரோடு வைத்திருக்க அது மாதாமாதம் கட்டிய வாடகை அது. புலிகள் ஏன் அனுமதித்தார்கள்? செலவு மிச்சம். மேலே காவல்துறையையும் நீதிமன்றத்தையும் வைத்துக்கொண்டால் அரசின் முகம் தங்களுடையதாகிவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணத்தை யார் பங்கிடுவது என்று 2005 ஜூனில் ஒரு பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். அதன் முக்கியப் பகுதிகளுக்கு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. வீடு போனவனுக்குக் கூரைத் தகடு வந்ததா என்பதைவிட அந்தத் தகட்டில் யார் முத்திரை என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

‘செயல்திறன்’ என்று மதிப்பெண் போட்டால் சேவைகள் வந்தனவா என்று மட்டும்தான் பார்க்க முடியும். மாம்பில்லி வன்முறையை மறைக்கிறவர் இல்லை, அவர் கேட்ட கேள்வி வேறு. ஆனால் வேபரின் அந்த மறந்துபோன சொல்லை, மனிதக் குழுமத்தை, எடுத்து வைத்துப் பாருங்கள். 1990 அக்டோபரில் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியிருந்தது. ஒன்று ஐ.நா.வில் நாற்காலி உள்ள அரசாகப் போவது, மற்றது கடைசிவரை அங்கீகாரம் இல்லாதது. இந்த விஷயத்தில் இரண்டுக்கும் கைராசி ஒன்றுதான்: கூட்டத்தில் யார் இருக்கலாம் என்று நான்தான் சொல்வேன். அரசு கோருகிற முதல் ஏகபோகம் இது என்று எனக்குப் படுகிறது. துப்பாக்கி அதற்குப் பின்னால்தான் வருகிறது. எந்தப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்து நான் பார்க்கவில்லை.

2009 தொடக்கத்தில் இது எண்ணிக்கையாக மாறியது. கிளிநொச்சி ஜனவரி 2 அன்று விழுந்துவிட்டது. மக்கள் முல்லைத்தீவுக் கரையை நோக்கி நெருக்கப்பட்டார்கள். உள்ளே எத்தனை பேர்? 70,000 அளவில்தான் என்றது கொழும்பு. அனுப்புகிற உணவும் அந்தக் கணக்கில். ஆனால் உள்ளே கச்சேரி இருந்தது. அதே கொழும்பின் சம்பளப் பட்டியலில் இருந்த அதிகாரிகள் உள்ளிருந்தபடியே 3,30,000 பேர் என்று எழுதி அனுப்பினார்கள். தன் சொந்த அதிகாரியின் கணக்கை அரசு ஏற்கவில்லை, கண்டித்தது. கோரிக்கைக்காகச் சம்பளம் கொடுத்துத் தக்கவைத்த அந்த ஆட்கள் கோரிக்கைக்கு இடைஞ்சலான ஒரு எண்ணைச் சொன்னதும் அவர்கள் சொல் செல்லாக்காசாகிவிட்டது. இன்னொரு பக்கம், தப்பி ஓட முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்துக்கொண்டு போனவர்கள், கடைசியில் அந்த மக்களையே கேடயமாக நிறுத்தினார்கள். நியாயமான வன்முறையின் ஏகபோகத்தை இருவர் கோர, நடுவில் ஒரு கடற்கரைத் துண்டு. போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் 2,80,000க்கும் மேல். அப்போதுதான் 70,000 எப்படிப்பட்ட எண் என்று உலகத்துக்கு உறைத்தது. கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது.

இலங்கை ‘வலுவான அரசு’ ஆகிவிட்டதா இப்போது? ஏகபோகத்தை மட்டும் அளந்தால், ஆமாம். தீவு முழுக்க ஒரே நேரம், ஒரே காவல்துறை. ஆனால் கோருவது அரசு மட்டும் என்று யார் சொன்னது? 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் வாங்க மனமில்லாத குடும்பங்கள், ‘காணாமைச் சான்றிதழ்’ என்று ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு, காணி, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அது செல்லும். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் உட்கார்ந்தார்கள். சில நாளில் வவுனியாவிலும், பிறகு மற்ற மாவட்டங்களிலும். அவர்கள் சான்றிதழ் கேட்டு அங்கே வரவில்லை. போரின் கடைசி நாட்களில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களின், கண்ணால் பார்க்கத் தாங்களே கையளித்துவிட்டு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார்கள். உன்னிடம்தானே ஏகபோகம், அப்படியானால் கணக்கு உன்னிடம்தானே இருக்க வேண்டும்? அந்த ஆண்டு ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்து, பட்டியலை வெளியிடச் செய்வதாகச் சொன்னார். பட்டியல் வரவில்லை.